8,499 ரூபாய் ரேஸ் சைக்கிள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய சைக்கிள் படத்தை நானும் அப்பாவும் பார்த்தோம். சிவப்பு நிறம், ஆட்டுக்கொம்பு போல முன்னால் வளைந்து இறங்குகிற ஹேண்டில்பார், முன்னும் பின்னும் டிஸ்க் பிரேக், 21 கியர், விலை 8,499 ரூபாய். ஞாயிறு காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு வரை மற்றவர்களோடு ஓட்ட, "ஆரம்பத்துக்கு இது போதும்தானேம்மா?" என்று கேட்டிருக்கிறாய். போதாது. வாங்காதே. ஏன் என்று போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் உனக்கு மீட்டிங் வந்துவிடும், அதனால் எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

விலை குறைவு என்பதால் வேண்டாம் என்கிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. மலிவான சைக்கிளை விற்றும், அதைவிட மலிவான சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டியும் நடந்த குடும்பம் நம்முடையது. 8,500 ரூபாய்க்கு நல்ல சைக்கிள் கிடைக்கும். என்ன, அது கியர் இல்லாத, நேர் ஹேண்டில் வைத்த, பார்க்க ஒன்றும் விசேஷமில்லாத சைக்கிளாக இருக்கும். அந்தப் பணத்துக்குள் ஒருவர் இரும்பும் ரப்பரும் கூலியும் லாபமும் அடக்கியாக வேண்டும். அதற்கு மேல் கொம்பு ஹேண்டிலும் 21 கியரும் இரண்டு டிஸ்க்கும் படத்தில் தெரிகிறதென்றால், படத்தில் தெரியாத இடத்தில் கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். சக்கரக் கம்பி, அச்சு, உள்ளே இருக்கும் பால்ஸ், கிரீஸ். வாங்குகிறவர் யாரும் இதையெல்லாம் கேட்பதில்லை. ஓட்டும்போது உன்னைச் சுமப்பது இதெல்லாம்தான்.

கடைக்குச் சமீபத்தில் அப்படி ஒரு வண்டி வந்தது. காலேஜ் பையன் ஒருவன், ஆன்லைனில் வாங்கினானாம். ஏறத்தாழ நீ அனுப்பிய அதே படம்தான், நிறம் மட்டும் நீலம். பெட்டியில் முக்கால்வாசி பூட்டி வரும், மீதியை நாமே பூட்டிக்கொள்ள ஒரு சின்ன ஸ்பேனரும் ஒரு எல்-கீயும் போட்டிருப்பார்கள். அவனும் அவன் சிநேகிதனும் சேர்ந்து பூட்டியிருக்கிறார்கள். "அக்கா, திரும்பும்போது கால்விரல் முன் சக்கரத்தில் இடிக்குது, என்னன்னு பாருங்க" என்று வந்து நின்றான். பார்த்தால் முன் ஃபோர்க் பின்பக்கம் பார்த்துத் திரும்பி இருக்கிறது. ஃபோர்க்கின் வளைவு எப்போதும் முன்னால் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் சக்கரம் உள்ளே வந்துவிடும், கால் இடிக்கும், ஹேண்டிலைத் திருப்புவதும் சரியாக இருக்காது. சரி, அது பிள்ளைகள் தெரியாமல் செய்தது. அப்பா ஐந்து நிமிஷத்தில் திருப்பிப் பூட்டிவிட்டார்.

அப்புறம்தான் மற்றது எல்லாம் வெளியே வந்தது. இடது பெடல் கோணலாக நின்றது. இடது பெடலுக்கு மரை எதிர்த்திசையில் இருக்கும் என்பது கடையில் வளர்ந்த உனக்குத் தெரியும். அந்தப் பையனுக்குத் தெரியவில்லை. பலம் போட்டு முடுக்கியதில், பெடலைத் தாங்கும் கையான கிராங்கின் மரை அரைபட்டுப் போயிருந்தது. நல்ல கிராங்காக இருந்தால் முடுக்கும்போதே எதிர்த்து நின்று "இது தப்பு" என்று கைக்குத் தெரியும். இது வெண்ணெயாக வழிவிட்டிருக்கிறது.

சக்கரத்தை நான்தான் எடுத்துப் பார்த்தேன். பெண்டு எடுப்பதில், அதாவது சக்கரத்தின் கோணலை நிமிர்த்துவதில், உன் அப்பாவைவிட எனக்குத்தான் கை வரும், அதை அவரே ஒப்புக்கொள்வார். பின் சக்கரத்தை ஸ்டாண்டில் மாட்டிச் சுற்றிவிட்டால் ரிம் இடமும் வலமுமாக ஆடுகிறது. கம்பிகளை இரண்டிரண்டாகச் சேர்த்துப் பிடித்து அழுத்தினேன். ஒரு ஜோடி அசையவில்லை, அடுத்த ஜோடி தொளதொள என்று இருந்தது. நிப்பிள் கீயைப் போட்டு முடுக்கினால், கம்பியை ரிம்மில் பிடித்திருக்கும் நிப்பிள்களில் பாதி திரும்பவே இல்லை, இரண்டு முனை மழுங்கிவிட்டது. சக்கரத்தின் பலம் கம்பியின் எண்ணிக்கையில் இல்லை, எல்லாக் கம்பியும் ஒரே அளவு இழுத்துப் பிடிப்பதில் இருக்கிறது. ஒன்று இறுக்கம் ஒன்று தளர்ச்சி என்றால் பள்ளத்தில் இறங்கும்போது பாரம் முழுவதும் இறுக்கமான நாலைந்து கம்பியில் விழும். அதில் ஒன்று அறுந்தால் பக்கத்திலிருப்பதும் சீக்கிரம் போகும்.

அச்சைக் கழற்றினேன். உள்ளே பால்ஸ் இருந்தது, கிரீஸ் பேருக்குத்தான் இருந்தது. அச்சு லேசாக வளைந்திருந்தது. இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த விலையில் வரும் கியர் சைக்கிள் எல்லாவற்றுக்கும் பொதுவான நோய் இது. நம்ம சாதாரண சைக்கிளில் பின்னால் ஒரே ஒரு பல்சக்கரம். மிதிக்காதபோதும் சக்கரத்தைச் சுற்றவிடுகிற ஃப்ரீவீல் ஒல்லியாக இருக்கும், அச்சைத் தாங்கும் பால்ஸ் ஓரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும். மலிவான கியர் சைக்கிளிலும் அதே பழைய முறையில், சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பின் மேல் திருகி வைக்கும் ஃப்ரீவீல்தான், ஆனால் ஏழு பல்சக்கரம் அகலத்துக்கு. அவ்வளவு அகலமும் வலது பக்கம் போவதால் பால்ஸ் உள்ளே தள்ளிப் போய்விடுகிறது. வலது ஓரத்தில் தாங்க ஒன்றும் இல்லாமல் அச்சு நீட்டிக்கொண்டு நிற்கிறது. அச்சின் இரும்பு நன்றாக இருந்தால் தாக்குப்பிடிக்கும். இல்லையென்றால் முதலில் வளையும், அப்புறம் ஒருநாள் உடையும். கொஞ்சம் விலை உயர்ந்த வண்டியில் ஃப்ரீவீல் வேலையை ஹப்பே செய்யும், பல்சக்கரங்களை அதன் மேல் சொருகியிருப்பார்கள். கேசட் என்பார்கள். அதில் வலது பக்கத்து பால்ஸும் ஓரத்துக்கே வந்துவிடுவதால் அச்சு வளைகிற பேச்சே கிடையாது.

அந்தப் பையனுக்கு கிராங்க் செட், அச்சு, கம்பிகள், கூலி என்று அப்பா கணக்குப் போட்டுச் சொன்னதும் முகம் வாடிவிட்டது. வண்டியின் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வந்தது. கூலியில் பாதியை அப்பா விட்டுக்கொடுத்தார், வழக்கம்போல.

டிஸ்க் பிரேக்குக்கு வருகிறேன், ஏனென்றால் நீ அதைத்தான் பெரிதாகச் சொல்லியிருந்தாய். நல்ல டிஸ்க் நல்லதுதான், மழையில் கூடப் பிடிக்கும். மலிவான டிஸ்க்கில் ஒரு பக்கத்துப் பிரேக் கட்டை மட்டும் நகரும். அது சக்கரத்தோடு சுற்றும் தகட்டைத் தள்ளிக்கொண்டு போய் மறுபக்கத்துக் கட்டையில் மோதவிடும். தகடு மெல்லிசு, லேசாக வளைந்தாலும் ஒவ்வொரு சுற்றுக்கும் உரசும். உரசுகிறதே என்று தளர்த்தினால் பிரேக் பிடிக்காது. அந்த நீல வண்டியில் லீவரைக் கைப்பிடியோடு ஒட்டும்வரை இழுத்த பிறகுதான் வேகம் குறைந்தது. ரிம்மைப் பிடிக்கும் பழைய மாதிரிப் பிரேக், நல்ல கட்டையோடு இருந்தால், இதைவிடச் சீக்கிரம் நிறுத்தும். சில வண்டிகளில் இன்னொரு கூத்தும் உண்டு. கொம்பு ஹேண்டிலுக்கென்று செய்த லீவர் கொஞ்சம்தான் கேபிளை இழுக்கும். அதில் மலைச் சைக்கிளுக்கான வி-பிரேக்கை மாட்டிவிடுவார்கள். அதற்கு நிறைய இழுக்க வேண்டும். இரண்டும் தனித்தனியாக நல்ல சாமான்தான், சேர்த்தால் பொருந்தாது. பூட்டியவருக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் உனக்கு முன்னால் போகிற ஷேர் ஆட்டோ சொல்லாமல் ஓரம் கட்டும்போது கவலைப்பட வேண்டியது நீ.

21 கியர் என்பதைப் பார்த்து மயங்காதே. முன்னால் மூன்று, பின்னால் ஏழு, பெருக்கினால் 21. அவ்வளவுதான். அதில் பாதி ஒன்றுக்கொன்று கிட்டத்தட்ட ஒரே கனம்தான் கொடுக்கும். சென்னை முழுக்கச் சமதரை. ஒரு கணக்குச் சொல்கிறேன். முன்னால் 44 பல், பின்னால் 18 பல் உள்ள ஒற்றைக் கியர் சைக்கிளில் நிமிஷத்துக்கு 70 சுற்று மிதித்தால் மணிக்கு 21, 22 கிலோமீட்டர் போகலாம். திருவான்மியூரிலிருந்து முட்டுக்காடு போய்த் திரும்ப நாற்பது கிலோமீட்டருக்குப் பக்கம் வரும். நடுவில் டீ குடித்து இளைப்பாறினாலும் இரண்டரை மணி நேரத்தில் வீட்டுக்கு வந்துவிடுவாய். கியர் இருந்தால் எதிர்க்காற்றுக்கு வசதி, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு ஏழெட்டு கியர் ஒழுங்காக மாறினால் போதும்.

கியர் எங்கே இருந்து மாறுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார், கியர் லீவர் ஹேண்டிலின் நடுவில், கழுத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. கியர் மாற்ற வேண்டுமென்றால் பிரேக்கிலிருந்து கையை எடுக்க வேண்டும். அந்தக் காலத்தில் டூர் டி பிரான்ஸ் பந்தயம் ஓட்டியவர்களே ஃப்ரேமின் கீழ்க் குழாயில் இருந்த லீவரைக் குனிந்து தொட்டுத்தான் மாற்றினார்கள், பிரேக்கும் கியரும் ஒரே லீவரில் வர வைத்து, சைக்கிள் பாகங்கள் செய்யும் ஜப்பான் கம்பெனியான ஷிமானோ விற்க ஆரம்பித்தது 1990 வாக்கில்தான். அதனால் அது முடியாத காரியம் இல்லை. ஆனால் அவர்களுக்கு முன்னால் மாநகரப் பேருந்து நிற்கவில்லை. புதிதாகக் கொம்பு ஹேண்டில் பிடிப்பவளுக்கு முதல் சில வாரம் நேராகப் போவதே வேலையாக இருக்கும்.

இன்னொன்று, படத்தில் ஷிமானோ என்று ஸ்டிக்கர் தெரிகிறதே என்று கேட்பாய். பின்னால் செயினைத் தள்ளுகிற ஒரே ஒரு பாகம் அவர்களுடையதாக இருக்கும், அதுவும் டூர்னி என்கிற அவர்களுடைய அடிப்படை வகை. அந்தப் பாகம் நன்றாகவே உழைக்கும். மற்ற எதற்கும் பெயர் இருக்காது.

இதையெல்லாம் விட எனக்குப் பெரிய கவலை அளவு. நீ ஐந்தடி இரண்டங்குலம். இந்த வண்டிகள் பெரும்பாலும் ஒரே அளவில்தான் வருகின்றன, "ஐந்தடி முதல் ஆறடி வரை பொருந்தும்" என்று போட்டிருப்பார்கள். ஐந்தடிக்காரிக்கும் ஆறடிக்காரனுக்கும் ஒரே ஜாக்கெட் தைக்க முடியுமா? சாதாரண சைக்கிளில் சீட்டை இறக்கிச் சமாளிக்கலாம், ஹேண்டில் நம் பக்கம் வளைந்து வரும். கொம்பு ஹேண்டில் முன்னால் தள்ளிப் போகிறது. ஃப்ரேம் நீளமாக இருந்தால் நீ எட்டி எட்டிப் பிடிக்க வேண்டும், கழுத்தும் தோளும் மணிக்கட்டும் வலிக்கும். பிரேக் லீவருக்கு விரல் எட்டாது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை போவாய், மூன்றாவது ஞாயிறு "எனக்கு சைக்கிள் சரிப்படாது" என்று பால்கனியில் நிறுத்திவிடுவாய். சரிப்படாதது சைக்கிள், நீ இல்லை. ஆனால் அது அப்போது தெரியாது.

கனத்தைச் சொல்ல மறந்துவிட்டேன். இந்த வண்டி 15, 16 கிலோ இருக்கும். முறையான அலுமினிய ரோட் பைக், ஆரம்ப நிலையிலேயே, 11 கிலோ சுமாருக்கு வரும். சமதரையில் ஒரே வேகத்தில் போகும்போது அந்த ஐந்து கிலோ பெரிதாகத் தெரியாது, கடையில் சொல்கிற அளவுக்கெல்லாம் இல்லை. லிஃப்ட் இல்லாத இரண்டாம் மாடிக்குத் தினமும் தூக்கிக்கொண்டு ஏறும்போது தெரியும்.

"மலிவாக ஒன்று வாங்கி ஓட்டிப் பார்ப்போம், பிடித்தால் பாகங்களை மாற்றிக்கொள்ளலாம்" என்று உன் ஆபீஸ் சிநேகிதன் சொன்னதாக எழுதியிருந்தாய். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நடக்காது. அந்த ஹப்பில் கேசட் ஏறாது, அதனால் பின் சக்கரத்தையே மாற்ற வேண்டும். அதில் கியர் எண்ணிக்கை கூடினால் கியர் லீவரும், சில சமயம் செயினும் மாற்ற வேண்டும். ஒவ்வொன்றாக மாற்றி முடிக்கும்போது நல்ல வண்டியின் விலையைத் தாண்டியிருப்பாய், கையில் மிஞ்சுவது அதே கனமான ஃப்ரேம்தான். விற்கப் போனால் பழைய இரும்பு விலைக்குத்தான் கேட்பார்கள். முறையான வண்டி ஒன்றை 30,000 ரூபாய்க்கு வாங்கி ஒரு வருஷம் ஓட்டி வேண்டாமென்று விற்றாலும் பாதிக்கு மேல் கைக்கு வரும்.

ஆரம்பிப்பவளுக்கு எப்படிப்பட்ட சைக்கிள் வேண்டும் என்பதில் எனக்குக் கொஞ்சம் அழுத்தமான அபிப்பிராயம் உண்டு, உனக்கே தெரியும். 1991-ல் நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி என்கிற எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்கு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தார்கள். அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், பெண்கள் சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் ஏற்பாடு செய்தார். நான் கற்றுக்கொண்டது அந்த அலையில்தான். கல் குவாரியில் வேலை பார்த்த பெண்கள், அங்கன்வாடி டீச்சர், பூ விற்கிறவர்கள் என்று அத்தனை பேரும் சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு பழகினார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்து ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கினார்கள். முன்னால் இருக்கிற பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பிக் கேட்டவர்களும் உண்டு. அதுவும் விலை குறைந்த சைக்கிள்தான். கனம், கியர் கிடையாது, பெயின்ட் கறுப்பு. ஆனால் குறைத்தது எல்லாம் அலங்காரத்தில். அச்சிலும் கம்பியிலும் யாரும் கை வைக்கவில்லை. எந்த ஊர் முக்கில் நின்று போனாலும் அதற்கு சாமான் இருந்தது, ரிப்பேர் பார்க்க ஆள் இருந்தது. நீ கேட்கிற சிவப்பு வண்டிக்கு ஒரு பாகம் உடைந்தால் அதே அளவில் இன்னொன்று தேடி அலைய வேண்டும். நம்ம கடையிலேயே கிடையாது.

சரி, என்னதான் செய்வது?

கையில் இருக்கிறது 8,500தான் என்றால், கியர் இல்லாத, ஷாக் அப்சார்பர் இல்லாத, நேர் ஹேண்டில் சைக்கிள் ஒன்று வாங்கு. முன் ஃபோர்க்கில் ஷாக் வேண்டவே வேண்டாம், அந்த விலையில் அது வெறும் பாரம், மிதிக்கிற பலத்தில் கொஞ்சத்தை அதுவே தின்றுவிடும். டயர் ரொம்பப் பட்டையாக இல்லாமல் பார்த்துக்கொள். அதில் முட்டுக்காடு தாராளமாகப் போகலாம். கூட வருகிறவர்கள் முன்னால் போனால் போகட்டும்.

கொம்பு ஹேண்டில்தான் வேண்டும், வாரா வாரம் போகத்தான் போகிறேன் என்றால், 25,000-லிருந்து 35,000 வரை ஆகும் என்று மனதைத் தயார் செய்துகொள். 2025 செப்டம்பர் 22-லிருந்து சைக்கிளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது, அது ஒரு சின்ன ஆறுதல். அந்த விலையில் அலுமினிய ஃப்ரேம், அளவுகளில் நாலைந்து வகை, ஒழுங்கான சக்கரம் கிடைக்கும். கொஞ்சம் மேலே போனால் ஷிமானோவின் கிளாரிஸ் வகைப் பாகங்கள், எட்டு கியர் பின்னால், பிரேக்கோடு சேர்ந்த லீவர். அதற்கு மேல் சோரா ஒன்பது, டியாக்ரா பத்து என்று ஏறிக்கொண்டே போகும், அந்தப் பக்கம் நீ பார்க்கவே வேண்டாம். முதல் வண்டிக்கு கிளாரிஸே அதிகம். டயர் 28 அல்லது 32 மில்லிமீட்டர் அகலம் வைத்தது வாங்கு, 23, 25 எல்லாம் வேண்டாம். சென்னையில் ரோட்டோரம் மழைநீர் வடிகாலுக்கு இரும்புச் சட்டம் போட்டிருக்கிறார்களே, அதன் இடைவெளியில் ஒல்லி டயர் அப்படியே இறங்கிவிடும்.

நான் உன் இடத்தில் இருந்தால் பழைய வண்டி பார்ப்பேன். ஆசைக்கு வாங்கி ஆறு மாதத்தில் நிறுத்தியவர்கள் சென்னையில் நிறையப் பேர். 15,000 ரூபாய் சுமாருக்கு நல்லது அகப்படும். போய்ப் பார்க்கும்போது ஒரு ஸ்கேல் எடுத்துக்கொண்டு போ. செயினில் ஒரு பின்னின் நடுவிலிருந்து எண்ணி 12 முழு இணைப்பை அளந்தால் சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். அதற்கு மேல் ஒரு நூல், அதாவது எட்டில் ஒரு பங்கு அங்குலம் கூடுதலாக இருந்தால் செயின் தேய்ந்தது மட்டுமில்லை, பல்சக்கரத்தையும் தின்றிருக்கும். விலையில் அதைக் கழித்துக் கேள். முன் பிரேக்கை அழுத்திப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் அசைத்துப் பார், கழுத்தில் டக் டக் என்று சத்தம் வரக்கூடாது. ஃப்ரேமின் கீழ்க் குழாய் கழுத்தில் சேருகிற இடத்துக்கு அடியில் விரலால் தடவிப் பார், பெயின்ட் சுருங்கியோ வெடித்தோ இருந்தால் எங்கேயோ மோதியிருக்கிறார்கள், விலை எவ்வளவு இறங்கினாலும் வாங்காதே. சீட் கம்பியைத் தளர்த்தி மேலும் கீழும் இழுத்துப் பார்ப்பதை மட்டும் மறக்காதே. கடற்கரைப் பக்கத்து வண்டிகளில் உப்புக் காற்றில் அது உள்ளேயே இறுகிப் போயிருக்கும், அப்புறம் யார் வந்தாலும் எடுக்க முடியாது.

எந்த வண்டியானாலும் ஹெல்மெட், முன்னால் வெள்ளை லைட், பின்னால் சிவப்பு லைட், ஒரு டியூப், கைப்பம்ப், பூட்டு, இதற்கு மூவாயிரம் நாலாயிரம் தனியாக எடுத்து வை. இதை வண்டி விலையோடு சேர்த்தே யோசி. கொம்பு ஹேண்டில் வண்டிகள் பலவற்றில் காற்று அடிக்கிற மவுத் ஒல்லியாக இருக்கும், பிரஸ்டா என்பார்கள். தெருமுனை பஞ்சர் கடைப் பம்ப் அதில் உட்காராது. இருபது முப்பது ரூபாய்க்கு ஒரு பித்தளை அடாப்டர் கிடைக்கும், அதை வாங்கி மவுத்திலேயே மாட்டி வைத்துவிடு. காற்று வாரத்துக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டும், ஒல்லி டயரில் சீக்கிரம் இறங்கும். இறங்கிய டயரோடு பள்ளத்தில் விழுந்தால் டியூபில் பாம்பு கடித்த மாதிரி இரண்டு ஓட்டை விழும். செயினை வாரம் ஒருநாள் பழந்துணியால் துடைத்து நாலு சொட்டு எண்ணெய் விடு. தேங்காய் எண்ணெய் விடாதே, சொல்லிவிட்டேன்.

நான் இவ்வளவு சொல்லியும் அந்தச் சிவப்பு வண்டியையே வாங்கிவிட்டாயானால், ஒன்று மட்டும் கேள். பெட்டியைப் பிரிக்காமல் நம்ம கடைக்கு அனுப்பிவிடு. முழுக்கக் கழற்றி, கிரீஸ் வைத்து, சக்கரத்தை நானே பெண்டு எடுத்து, பிரேக்கை மாற்றிப் பூட்டி ரயிலில் போட்டுவிடுகிறேன். அப்போது பத்து கிலோமீட்டர், பதினைந்து கிலோமீட்டர் பயமில்லாமல் போகலாம். அதற்கு மேல் அதை நம்பாதே.

அதுவரைக்கும் காலை வேளையில் கால் பழக ஒன்று வேண்டுமே என்று அப்பா யோசனை சொன்னார். கடையில் நேர் ஹேண்டில் சைக்கிள் ஒன்று கிடக்கிறது, வாங்கியவர் வெளிநாடு போகிறேன் என்று திருப்பிக் கொடுத்தது. உன் உயரத்துக்குச் சரியாக இருக்கும். ஓவராயிலிங் முடித்து எழும்பூருக்கு பார்சல் போடட்டுமா? இரண்டு மாதம் அதில் போய்ப் பார். நாற்பது கிலோமீட்டர் சுகமாக இருக்கிறதா, மறுநாள் எங்கே வலிக்கிறது, நிஜமாகவே ஞாயிறு ஐந்து மணிக்கு எழுந்திருக்கிறாயா என்பதெல்லாம் தெரிந்துவிடும். ஒரு கல்யாணத்துக்கு அப்பா அடுத்த மாதம் சென்னை வருகிறார், பழைய வண்டி பார்ப்பதென்றால் அவர் வந்த பிறகு இரண்டு பேரும் சேர்ந்து போய்ப் பாருங்கள். அதற்குள் யாருக்கும் அட்வான்ஸ் கொடுத்துவிடாதே.

அவர் வருவதற்குள் உன் கால் அளவு வேண்டும். செருப்பில்லாமல் சுவரில் முதுகு ஒட்டி நின்று, தொடைகளுக்கு நடுவில் கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றை மேலே முட்டும்வரை ஏற்றிப் பிடித்துக்கொள். புத்தகத்தின் மேல் விளிம்பிலிருந்து தரைவரை எத்தனை சென்டிமீட்டர் என்று கூட இருக்கிற யாரையாவது அளக்கச் சொல். அதை 0.67-ஆல் பெருக்கினால் ரோட் பைக் ஃப்ரேமின் அளவு ஏறத்தாழ வந்துவிடும். 72 வந்தால் 48 சைஸ் தேட வேண்டும். டெய்லர் டேப்பால் அள, போன் ஆப்பில் அளக்காதே. ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பு.

அன்புடன்,
அம்மா